பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரே நாளில் கோட்டைகள்: நொய்ஷ்வான்ஸ்டைனா, ரைன் கரையா?

மழைத்துளி

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் பிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். அன்றைக்கு முழுக்கக் கோட்டை பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கோட்டை என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.

அவருக்கு நொய்ஷ்வான்ஸ்டைன் பார்க்க வேண்டும். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குப் படத்தில் அழகாக இருப்பதைவிட, ஆட்கள் குடியிருந்து, சமைத்து, காவல் காத்த பழைய கோட்டைக்குள் நடந்து பார்க்க ஆசை. எங்களிடம் கார் கிடையாது. இருவரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (விரைவு ரயில் தவிர மற்ற ரயில்களில் போகும் மாத டிக்கெட்) இருக்கிறது. காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு வந்துவிட வேண்டும். என் முழங்கால் கொஞ்சம் தகராறு செய்யும். ஏறலாம், ஆனால் அவசரப்பட்டு ஏற முடியாது.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நெக்கர்க்கரை

நொய்ஷ்வான்ஸ்டைனை ஒரே நாளில் முடிப்பதை மறந்துவிடுங்கள். விரைவு ரயிலில் போனாலே அந்தக் கோட்டைக்குப் பக்கத்து ஊரான ஃபூஸன் போய்ச்சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம். உங்கள் டிக்கெட்டில் விரைவு ரயில் ஏறவும் முடியாது. நாள் முழுக்க ரயிலிலேயே போய்விடும்.

ஹைடல்பெர்க் பார்த்துவிட்டீர்களா? உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம்தான்.

மழைத்துளி

ஹைடல்பெர்க் பார்த்தாகிவிட்டது. அந்தப் பெரிய மதுப்பீப்பாய் முன்னால் நின்று படமும் எடுத்தாகிவிட்டது. 1751இல் செய்த பீப்பாயாம், இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும் என்றார்கள். இந்த முறை வேறு ஏதாவது.

கோப்லென்ஸ்காரர்

தங்கச்சி, நீங்கள் கேட்பது ரைன் பள்ளத்தாக்குதான். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரை 65 கிலோமீட்டர். 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பகுதி இது. இவ்வளவு நெருக்கமாகக் கோட்டைகளை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒரு வளைவு திரும்பினால் ஒரு கோட்டை, எதிர்க்கரையில் இன்னொன்று.

ஏன் இத்தனை என்றால், எல்லாம் சுங்கம் வாங்கத்தான். ஆறுதான் அப்போது பெருவழி. தானியம், மது, துணி எல்லாம் படகில்தான் போனது. ஆற்றங்கரையில் இடம் வைத்திருந்த ஒவ்வொரு பிரபுவும், பேராயரும் தன் பங்குக்கு ஒரு சுங்கச்சாவடி போட்டார். அதைக் காக்க மேலே ஒரு கோட்டை கட்டினார். அழகுக்காகக் கட்டியதில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று விளங்கும்.

காவ்ப் ஊருக்கு முன்னால் ஆற்று நடுவிலேயே ஒன்று நிற்கிறது, ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன். பவேரிய லூட்விக் 1327 வாக்கில் கட்டத் தொடங்கியது. வெள்ளைச் சுவர், கூர்மையான முனை. அந்த முனை நீர் வரும் திசையைப் பார்த்திருக்கும், குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்கள் மோதிப் பிளக்கட்டும் என்று. 1814 புத்தாண்டு இரவில் நெப்போலியன் படையைத் துரத்திக்கொண்டு தளபதி புளூஷர் தன் பிரஷ்யப் படையோடு ஆற்றைக் கடந்தது இந்த இடத்தில்தான்.

என் யோசனை: காலையில் மைன்ஸ் வழியாக இடது கரை ரயிலில் பாகராக். அங்கிருந்து படகில் சாங்க்ட் கோவர். நீரோட்டத்தோடு போவதால் ஒரு மணி நேரம் போல ஆகும். கோட்டைகள் மிக அடர்த்தியாக உள்ள பகுதி அதுதான். அப்புறம் பரிசலில், அதாவது அந்தச் சிறு கார்ப்படகில், எதிர்க்கரைக்கு. வலது கரை ரயிலில் பிரௌபாக். மார்க்ஸ்பர்க் கோட்டைக்குள் போய்ப் பாருங்கள். அதே கரையில் வீஸ்பாடன் வழியாக நேரே பிராங்க்ஃபர்ட்.

மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் ஆற்றின் மேல் பாலமே கிடையாது. இந்தப் படகைத் தவற விட்டால் அடுத்த படகுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் அடிக்கடி வரும்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

நான் மியூனிக்கில் இருக்கிறேன். நொய்ஷ்வான்ஸ்டைன் பற்றி இங்கே யாராவது பேசினால் உடனே "அது நிஜக் கோட்டை இல்லை, நாடக செட்" என்று ஒருவர் வருவார். இன்னும் வரவில்லை, வருவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

பவேரிய ராஜா இரண்டாம் லூட்விக் 1869இல் அடிக்கல் நாட்டினார். முதல் வரைபடங்களைப் போட்டவர் கிறிஸ்டியான் யாங்க் என்ற நாடக மேடை ஓவியர். அது உண்மை. போருக்காகக் கட்டவில்லை, அதுவும் உண்மை. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். ராஜாவின் கட்டிலுக்கு மேலே கோபுரம் கோபுரமாக மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள். 14 மரச்சிற்பிகள் நான்கு வருடத்துக்கு மேல் அந்தப் படுக்கையறையில் உழைத்தார்கள் என்பார்கள். சுவருக்குள்ளே வெப்பக்காற்றுக் குழாய், மாடிக்கு மாடி குழாய்த் தண்ணீர், மின்சார அழைப்பு மணி, தொலைபேசி. எல்லாம் 1880களில்! சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனம் வைக்க மேடை இருக்கிறது, சிம்மாசனம் இல்லை. அது செய்து வருவதற்குள் 1886 ஜூனில் அவர் போய்ச்சேர்ந்துவிட்டார். தன் கோட்டையில் அவர் வாழ்ந்தது மொத்தமாகக் கூட்டினால் ஆறு மாதம்கூடத் தேறாது. இறந்த ஏழு வாரத்தில் டிக்கெட் போட்டு மக்களைச் சுற்றிக்காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மண்டபத்தில் நிற்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. ஒரு மனிதன் தனக்கென்று ஓர் உலகத்தைக் கட்டிவிட்டு, அதில் இருக்கக் கிடைக்காமல் போவது சாதாரண விஷயமா? 2025 ஜூலையில் லூட்விக்கின் நான்கு அரண்மனைகளையும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள். எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒரே நாளில் வராதீர்கள். அதில் எனக்கும் நெக்கர்க்கரை சொல்வதுதான் சரி. ஃபூஸனில் ஓர் இரவு தங்குங்கள்.

நெக்கர்க்கரை

ஆல்ப்ஸ், நான் அதை நாடக செட் என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். ரைன் கரையில் "பழைய கோட்டை" என்று நாம் வாய்பிளந்து பார்ப்பதில் பலவும் நொய்ஷ்வான்ஸ்டைனுக்குக் கொஞ்சம் மூத்தவை, அவ்வளவே. 1815க்குப் பிறகு ரைன் பகுதி பிரஷ்யா கைக்கு வந்தது. அந்த அரச குடும்பத்தார் இடிந்து கிடந்தவற்றை வாங்கித் தங்கள் விருப்பப்படி திரும்பக் கட்டினார்கள். ரைன்ஸ்டைன் 1820களில், ஸ்டோல்சன்ஃபெல்ஸ் 1840 வாக்கில். அசலாக இடைக்காலத்திலிருந்து நிற்பது மிகக் கொஞ்சம்.

கோப்லென்ஸ்காரர்

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். இடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1689இல் ஒரு சுற்று: பாகராக் மேலே இருக்கும் ஸ்டாலெக், ஓபர்வேசல் ஷோன்பர்க், உங்கள் ஹைடல்பெர்க் எல்லாம் அந்த வருடம் போனவை. சாங்க்ட் கோவரின் ரைன்ஃபெல்ஸ் 1692இல் முற்றுகையைத் தாங்கி நின்றது. நூறு வருடம் கழித்துச் சண்டையே இல்லாமல் கைமாறி, 1797க்குள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் கல்லைப் பெயர்த்து எடுத்துப்போய் எங்கள் ஊர் எரன்பிரைட்ஸ்டைன் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள்.

மலை மேல் நிற்கும் ரைன் கோட்டைகளில் ஒருநாளும் இடிபடாதது மார்க்ஸ்பர்க் ஒன்றுதான். அதனால்தான் அவர்களை அங்கே போகச் சொன்னேன். படகிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் பாருங்கள், உள்ளே போவது ஒன்றாக இருக்கட்டும். ஒரு நாளில் மூன்று நான்கு கோட்டைக்குள் ஏறி இறங்கினால் கடைசியில் எது எந்த அறை என்று ஒன்றும் மனதில் நிற்காது.

வடலி

வணக்கம் அக்கா. நான் டோர்ட்முண்டில் இருக்கிறன். கோப்லென்ஸ்காரர் அண்ணா சொன்னது நல்ல திட்டம். ஆனாலும் எல்ட்ஸ் கோட்டையைச் சொல்லாமல் விட ஏலாது. நானும் மனைவியும் போய் வந்தனாங்கள், அவ்வளவு வடிவு.

அது ரைன் கரையில் இல்லை, மோசல் பக்கம். காட்டுக்குள்ளே ஒரு சின்ன ஆறு, எல்ஸ்பாக் என்று பெயர், அது மூன்று பக்கம் வளைந்து போகிற பாறை மேலே நிற்குது. மோசல்கெர்ன் நிலையத்தில் இறங்கிக் காட்டு வழியே நடந்தால் ஒன்றேகால் மணித்தியாலம் வரும். கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலக, திடீரென்று எட்டு மாடி உயரத்துக்கு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வீடுகள் என்றுதான் சொல்ல வேணும். ஒரே வம்சத்தின் மூன்று கிளைகள், கெம்பனிக், ரூபனாக், ரோடன்டோர்ஃப், ஒரே மதிலுக்குள்ளே இருந்தவை. ஒரு வாசல், ஆனால் தனித்தனி அடுப்பு. எங்கட ஊர்க் கூட்டுக்குடும்பம் மாதிரித்தான். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு கிளையும் தன் பங்குக்கு இடம் கிடைத்த மட்டும் மேலே மேலே கட்டியிருக்கிறது தெரியும். சண்டை வராமல் இருக்க எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்கினம். ஏசினால் என்ன தண்டம், அடித்தால் என்ன தண்டம் என்று எல்லாம் அதில் இருக்கு. பெரிய மண்டபத்தில் கோமாளி முகங்களும் ஒரு ரோசாப்பூவும் செதுக்கி வைத்திருக்கினம். இங்கே யாரும் எதையும் பேசலாம், பேசினது வெளியில் போகக்கூடாது என்பதற்கு அடையாளமாம்.

1157ஆம் ஆண்டுப் பத்திரத்திலேயே அந்த வம்சத்தின் பெயர் இருக்கு. இப்பவும் அதே குடும்பத்தின் கையில். பிரெஞ்சுப் படை சுற்றியிருந்த எல்லாவற்றையும் கொளுத்தினபோது இது தப்பினதுக்குக் காரணம், அந்தக் குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்ததுதான். பழைய 500 மார்க் நோட்டில் இந்தக் கோட்டைப் படம் இருந்தது. எங்கட அப்பா கையில் வைத்திருந்தது எனக்கு இன்னும் ஞாபகம்.

முழங்கால் பிரச்சினை என்றால் காட்டு வழி வேண்டாம் அக்கா. கோடை காலத்தில் வார இறுதியில் ஹாட்சன்போர்ட்டில் இருந்து பேருந்து ஓடும். குளிர்காலத்தில் கோட்டையே பூட்டு.

மழைத்துளி

வடலி தம்பி, இதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரே "எல்ட்ஸ் போகலாமா" என்கிறார். மார்க்ஸ்பர்க்கும் எல்ட்ஸும் ஒரே நாளில் முடியுமா?

கோப்லென்ஸ்காரர்

காரில் முடியும். ரயிலில் வேண்டாம். கோப்லென்ஸில் ரயில் மாறி, பேருந்துக்குக் காத்திருந்து, திரும்ப அதே வழி. இரண்டு கோட்டையிலும் வழிகாட்டியோடு கூட்டமாகத்தான் உள்ளே விடுவார்கள். ஒன்றில் அரை மணி நேரம் தாமதமானால் மற்றது கைவிட்டுப் போகும். கல்யாண நாளன்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.

நெக்கர்க்கரை

எல்ட்ஸுக்கு ஒரு தனி நாள் வையுங்கள். அதுபோல எங்கள் பக்கம் ஹோயன்சோலர்னுக்கும் ஒரு நாள். ஹெக்கிங்கன் அருகே 855 மீட்டர் உயரத்தில் தனி மலையில் நிற்கிறது. இப்போதிருப்பது 1867இல் கட்டி முடித்தது. காட்சிக்கூடத்தில் பிரஷ்ய மாமன்னர் ஃபிரெடரிக்கின் மூக்குப்பொடி டப்பா இருக்கிறது. 1759இல் குனர்ஸ்டோர்ஃப் போரில் குண்டு அதில் பட்டதால்தான் ஆள் பிழைத்தார். நசுங்கின இடம் இன்றும் தெரியும்.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

ஒரு வேண்டுகோள். ரைன் கரைக்கே போங்கள். ஆனால் வீட்டுக்காரர் ஆசையைத் தள்ளிவிட்டதாக இருக்கக் கூடாது. மே மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி இந்தப் பக்கம் வாருங்கள்.

மழைத்துளி

சரி, அப்படியே செய்கிறோம். ரைன் இப்போது, லூட்விக் ராஜா மே மாதம். அவருக்கும் சம்மதம். போய்வந்து எழுதுகிறேன்.

மழைத்துளி

போய்வந்துவிட்டோம். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கோப்லென்ஸ்காரர் அண்ணா போட்டுக்கொடுத்த வழியிலேயே போனோம். பாகராக்கில் இறங்கியதும் தெருவெல்லாம் பனிமூட்டம். மரச்சட்டம் போட்ட வீடுகள், மேலே ஸ்டாலெக் கோட்டை பாதி மறைந்து நின்றது. இப்போது அது இளைஞர் விடுதியாம். கோட்டைக்குள் குறைந்த செலவில் தங்கலாம் என்பது தெரிந்திருந்தால் முந்தின நாளே வந்திருப்போம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

படகு கிளம்பியபோது வெயில் வந்துவிட்டது. மேல்தளத்தில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைனைக் கிட்டத்தில் பார்த்தபோது, பனி மோதும் முனை என்று அண்ணா எழுதியதுதான் முதலில் கண்ணில் பட்டது. அந்தக் கல்முனை அத்தனை கூர்மை. பின்னால் மலையில் குட்டன்ஃபெல்ஸ். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கின்றன: ஒன்று ஆற்றில் படகை மறிக்க, ஒன்று மேலிருந்து கண்காணிக்க. அதைச் சொன்னதும் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு ஒவ்வொரு கோட்டைக்கும் "இது யாரை மறிக்க நிற்கிறது" என்று எதிர்க்கரையைத் தேட ஆரம்பித்துவிட்டார். லோரலைப் பாறை வரும்போது படகில் அந்தப் பாறையைப் பற்றிய பாட்டுப் போட்டார்கள், பலரும் எழுந்து நின்றார்கள். எனக்குப் பாறையைவிட அங்கே ஆறு குறுகித் திரும்பும் வேகம்தான் பிடித்தது. 132 மீட்டர் பாறை பக்கத்தில் நிற்க, எதிரே வரும் நீண்ட சரக்குப் படகு அந்த வளைவில் மெல்லத் திரும்பியதை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும்.

மார்க்ஸ்பர்க் ஏற எனக்கு நேரம் ஆனது. பிரௌபாக் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டோம். உட்கார்ந்து உட்கார்ந்து போனால் முடியாதது இல்லை.

வாசல் தாண்டியதும் குதிரைப்படி. தனியாகக் கட்டிய படி இல்லை, மலைப்பாறையையே வெட்டியிருக்கிறார்கள். குதிரை ஏறத் தோதாக ஒவ்வொரு படியும் அகலம், மேற்பரப்பு சாய்வு, சமமாக ஓர் அடிகூட இல்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டுதான் ஏறினோம். மூட்டு வலி உள்ளவர்கள் கைத்தடி கொண்டுபோங்கள், தட்டையான செருப்பு வேண்டாம்.

எனக்கு மனதில் நின்றது சமையலறை. ஒரு சுவர் முழுக்க அடுப்பு. ஒரு மாட்டையே உள்ளே வைத்து வாட்டலாம், அவ்வளவு பெரிது. புகைக்கூண்டுக்கு அடியில் நின்று அண்ணாந்தால் மேலே வெளிச்சம் ஒரு துண்டுதான் தெரிகிறது. அதற்கு மேல்மாடியில் மண்டபம். ஜன்னல் சுவருக்குள் ஆழமாகப் போகிறது, அந்த ஆழத்தில் எதிரெதிராக இரண்டு கல் இருக்கை. வெளிச்சம் இருக்கும்வரை பெண்கள் அங்கே உட்கார்ந்து தைத்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், கல் சில்லென்று இருந்தது. செப்டம்பரிலேயே இப்படி என்றால் ஜனவரியில் எப்படி இருந்திருப்பார்களோ! கழிப்பறை மதிலுக்கு வெளியே தொங்கும் ஒரு சின்ன மாடம், கீழே நேரே வெட்டவெளி. நான் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான், இவர்கள் வாழ்ந்த வாழ்க்கையை.

வீட்டுக்காரருக்குப் பீரங்கி மேடை. ஆற்றைப் பார்த்து வரிசையாக நிற்கின்றன. நூறு வகைக்கு மேல் மூலிகை வளர்க்கும் தோட்டமும் இருக்கிறது, அதில் தும்பை மாதிரி ஏதாவது உண்டா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

1900இல் இந்தக் கோட்டையை, போடோ எப்ஹார்ட் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கிய கோட்டைப் பாதுகாப்புச் சங்கம் வாங்கியிருக்கிறது. அதற்கு முன் சிறையாகவும் கொஞ்ச காலம் இருந்ததாம். அந்தச் சங்கம் மட்டும் வாங்காமல் இருந்தால் இதுவும் யாராவது ஒரு பணக்காரர் விருப்பப்படி மாறியிருக்கும்.

சாயங்காலம் பிரௌபாக்கில் வெங்காய அப்பம் சாப்பிட்டோம். திராட்சை அறுவடைக் காலத்தில் மட்டும் வரும் புளிக்காத புது மதுவை அவர் குடித்தார். எட்டரைக்கெல்லாம் ரயில் ஏறிவிட்டோம்.

கோப்லென்ஸ்காரர்

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது தங்கச்சி. ஒரு சின்னத் திருத்தம், இனி போகிறவர்களுக்காக: அந்தப் புது மது, ஃபெடர்வைசர், புளித்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது. அதனால் மூடியை இறுக்கி மூடிப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், பொங்கி வழிந்துவிடும்.

இன்னொன்று: வலது கரை ரயில் பாதையில் சீரமைப்பு நடக்கும் மாதங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்துதான். நேரம் கூடுதலாகும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபருக்குப் பிறகு படகுகளும் அநேகமாக ஓடாது.

ஆல்ப்ஸ்_அடிவாரம்

மே மாதத்துக்கு இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டில் நேரம் போட்டிருக்கும், அந்த நேரம் தவறினால் உள்ளே விட மாட்டார்கள். முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. சுற்றிக்காட்டுவது அரை மணி நேரம்தான். அதனால் அன்று காலை முதலில் ஹோயன்ஷ்வாங்காவ் பாருங்கள், லூட்விக் சின்ன வயதில் வளர்ந்த மஞ்சள் கோட்டை. அவருடைய அப்பா 1830களில் இடிபாட்டிலிருந்து எடுத்துக் கட்டியது. சுவரெல்லாம் அன்னப்பறவை வீரன் போன்ற பழங்கதை ஓவியங்கள். அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளை என்று தெரிந்த பிறகு எதிர்மலையில் இருப்பதைப் பார்த்தால் எல்லாம் புரியும். கட்டுமானம் நடக்கும்போது இந்தக் கோட்டையிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார் லூட்விக்.

மரியன் பாலத்துக்குப் பேருந்து போகும், முழங்காலுக்குக் கவலை வேண்டாம். பாலத்தில் நின்றால் கீழே 90 மீட்டர் பள்ளம், எதிரே கோட்டை முழுசாக.

மெல்லநட

இழையைத் தேடிப் பிடித்தேன், மிக உதவி. நாங்களும் பிராங்க்ஃபர்ட்தான். ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. தள்ளுவண்டியோடு மார்க்ஸ்பர்க் போக முடியுமா?

மழைத்துளி

முடியாதுங்க. அந்தக் குதிரைப்படியில் வண்டி ஒரு அடி நகராது. குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் பை இருந்தாலும், கல் வழுக்கும், இருவரில் ஒருவர் கை காலியாக இருக்க வேண்டும். படகுப் பகுதி மட்டும் போய்வாருங்கள், அதுவே ஒரு நல்ல நாள்.

நெக்கர்க்கரை

குழந்தையோடு கோட்டை என்றால் ஹைடல்பெர்க். கோர்ன்மார்க்ட்டிலிருந்து மலை ரயில் மேலே கொண்டுபோய் விடும். முற்றத்தில் கல் பாவியிருக்கிறது, வண்டி குலுங்கும், ஆனால் தள்ளலாம். தோட்டத்துப் பக்கம் புல்வெளி இருக்கிறது, குழந்தையை இறக்கி விடலாம்.